கோட்டைக்கு வடக்கே ஒரு மாட்டுத் தொழுவம்

எங்கள் நார்பி ஊரில் மைலோ காஸ்பரெக் யார் என்று விசாரித்தால், "தபால் பெட்டியை இடிக்கிறவனா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். மாவட்டச் சாலைத் துறையில் பனி வாரும் லாரி ஓட்டுகிறான். ரோட்டைச் சுத்தமாக வாருவான், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வளைவுகளில்தான் கவனம் எங்கேயோ போய்விடும். வாசலில் கம்பத்தின்மேல் நிற்கிற தபால் பெட்டி குப்புற விழுந்து கிடக்கும். என் வீட்டுப் பெட்டியை எத்தனை தடவை நட்டிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. அவன் கவனம் எங்கே போகிறது என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவன் மனசுக்குள் ஏதோ ஒரு குகை வாசலில் நின்று பூதத்தின் குரலில் பேசிக்கொண்டிருப்பான்.

ஒருமுறை லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற ரேடியோவை அணைக்க மறந்துவிட்டான். பாலத்தைக் கடக்க வரி கேட்கிற ஒரு பூதமும், அதற்குப் பதிலாக ஆட்டுக்குட்டி தருகிறேன் என்று கெஞ்சுகிற ஒரு வழிப்போக்கனும் இவன் ஒருவன் வாயிலேயே பேரம் பேசியதை மாவட்டத்து லாரிகள் அத்தனையும் கேட்டன. "காஸ்பரெக், அந்த ஆட்டுக்குட்டியை வாங்கிக்கிட்டு ஆளை விட்டுடு. பின்னால வண்டிங்க நிக்குது" என்று அலுவலகத்துப் பெண் ரேடியோவில் சொன்னாளாம். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான் லவோன் ஸ்டென்ஸ்ருட். பால் பண்ணைக்காரி. எனக்கு நாக்கு நீளம் என்பார்கள், பொய்யில்லை. மைலோவை நான் திட்டாத திட்டு கிடையாது. இன்றைக்கு அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆள் இருக்கிறபோதே சொல்லிவிட வேண்டும். செத்த பிறகு தேவாலயத்தில் ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டு, "தங்கமான மனுஷன்" என்று சொல்லி யாருக்கு என்ன லாபம்?

மைலோவின் அம்மா ஊர்க்கோடியில் மதுக்கடை வைத்திருந்தாள். குடிகாரர்களை ஒரு அதட்டலில் உட்கார வைக்கிற பெண்பிள்ளை. பிள்ளை அவளுக்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் சொல் வராது. கடையில் ரொட்டி வேண்டும் என்று கேட்கக்கூட காது சிவந்துவிடும். வெல்டிங் படிக்க ஓ க்ளேர் நகரத்துக்குப் போனான். படித்தானோ இல்லையோ, அங்கே பக்கத்து அறைக்காரனிடம் ஒரு ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்து சேர்ந்தான். கையில் ஒரு டப்பா, அதற்குள் நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று பல தினுசில் பகடைகள்.

அது என்ன ஆட்டம் என்று நான் கேட்காத நாளில்லை. பலகை கிடையாது, காய் கிடையாது, ஜெயித்தவன் தோற்றவன் கிடையாது. ஒருவன் கதையை நடத்துவான். "எதிரே இருண்ட காடு, உள்ளே யாரோ அழுகிற சத்தம். என்ன பண்றீங்க?" என்பான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் வைத்திருப்பார்கள். என் ஆள் இதைச் செய்கிறான், அதைச் செய்கிறான் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான். இதற்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதும் போய்விடும்.

பெரிய ஊராக இருந்தால் தன்னைப் போன்ற ஆட்களைத் தேடிப் பிடித்திருப்பான். நார்பியில் கிடைத்தவர்கள்தான் ஆட்கள். பாலாடைக் கட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த டுவைட் மந்திரவாதி ஆனான். நூலகத்துப் பெவர்லி வில்லாளி. என் வீட்டுக்காரர் ஆரின், ஆறடிக்கு மேல் உயரம், தேவாலயக் கதவில் குனிந்துதான் நுழைவார், அவர் கோடாலி தூக்கிய குள்ளன். "பொழுது போகலேன்னா வைக்கோலை அடுக்கு. அதை விட்டுட்டுக் குள்ளனாம் குள்ளன்!" என்று நான் கத்துவேன். ஆரின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடுவார். பால் கறக்கிற நேரத்துக்குள் வந்துவிடுவார் என்பதால் நானும் அதற்குமேல் வம்பு செய்யவில்லை. அவருக்காகவே மைலோ வீட்டு ஆட்டம் நாலரை மணிக்கு முடியும். ராட்சதன் வாயில் பாதி ஆள் இருந்தாலும் மிச்சம் அடுத்த வாரம்தான்.

எண்பதுகளில் இந்த ஆட்டம் சாத்தானோடு சகவாசம் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு கிளம்பியது. போதகர் மைலோவைக் கூப்பிட்டு விசாரித்தார். வாயால் விளக்கத் தெரியாதவன் இவன். அடுத்த ஞாயிறு போதகரையே வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டான். அவருக்கு ஒரு துறவி வேஷம் கொடுத்தான். சாயங்காலம் அவரை எழுப்பி அனுப்பப் பெரும்பாடு ஆகிவிட்டதாம். அதற்குப் பிறகு யாரும் சாத்தானைப் பற்றிப் பேசவில்லை.

மைலோ சாதுதான், ஆனால் மேஜையில் உட்கார்ந்தால் ஒரு சட்டத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டான். வாயிலிருந்து வந்துவிட்டால் செய்ததாகத்தான் கணக்கு. "சும்மா சொன்னேன்" என்பது அங்கே செல்லாது. ஒருமுறை ராஜசபையில் டுவைட் கொட்டாவி விட்டுக்கொண்டே, "இந்த ராஜா மூக்குல ஒரு குத்து விடணும்போல இருக்கு" என்றான்.

"விட்டுட்டே" என்றான் மைலோ.

"டேய், விளையாட்டுக்குச் சொன்னேன்டா!"

"சொன்னா சொன்னதுதான். ராஜா மூக்குல ரத்தம். காவக்காரங்க ஓடி வர்றாங்க. என்ன பண்றீங்க?"

கோடைகாலம் முழுவதும் மூன்று பேரும் பாதாளச் சிறையில் கிடந்தார்கள். பெவர்லி டுவைட்டோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். ஆரின் வைக்கோல் ஏற்றும்போதுகூட நினைத்து நினைத்துச் சிரித்தார்.

இப்படியே வருஷங்கள் போயின. மைலோ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லா க்ராஸில் ஒரு பெண் இருந்தாள், நல்லவள்தான். இவன் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்குள் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. பூதம், ராணி, மதுக்கடைக்காரி, திருடன் எல்லார் குரலிலும் வெளுத்துவாங்குகிறவன், தன் குரலில் ஒரு பெண்ணைக் கேட்க முடியவில்லை. அசடு.

பிறகு எங்கள் காலம் வந்தது. இரண்டு பேருக்கும் முட்டி போய்விட்டது, பால் விலையும் கட்டுப்படியாகவில்லை. மாடுகளை விற்றோம். மாட்டை ஏற்றிய லாரி போன பிறகு ஆரின் வெறும் தொழுவத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பெயர், பிறகு பேரப்பிள்ளைகள். மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் தெரிந்து என்ன செய்வது?

எல்லாம் மறந்தாலும் ஐந்து மணி மறக்கவில்லை. சாயங்காலம் ஐந்து ஆனால் எழுந்துவிடுவார். "பால் கறக்கணும்." நான் சொல்வேன், "மாடு எல்லாம் வித்தாச்சு ஆரின்." அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒவ்வொரு நாளும் அன்றைக்குத்தான் விற்ற மாதிரி. "எல்லாத்தையுமா? ஓல்காவையுமா?" என்பார். ஒரு மனிதனுக்கு அதே சாவுச் செய்தியைத் தினமும் சொல்கிற வேலை எனக்கு. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அதனால் உண்மையைச் சொல்லிச் சொல்லி அவரைக் கொன்றுகொண்டிருந்தேன்.

நான் குளிக்கப் போயிருந்த ஒரு ஜனவரி சாயங்காலம் அவர் வெளியே போய்விட்டார். கையுறை இல்லை. இருட்டுத் தொழுவத்தில் ஓல்கா நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். விரல்கள் வெளுத்துவிட்டன. இரண்டாம் தடவை மைலோதான் பார்த்தான். பெரிய ரோட்டில், கையில் வாளியோடு, காற்றுக்கு எதிராக நடந்துகொண்டிருந்தவரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டான். கூடவே தபால் பெட்டியையும் இடித்துவிட்டுப் போனான், அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

மினியாபொலிஸிலிருந்து மகள் கிர்ஸ்டன் வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துச் சொன்னாள், "அம்மா, இன்னொரு தடவை அப்பா இப்படி வெளியே போனா முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம். உறைஞ்சு செத்துப்போனார்னா நீ தாங்குவியா?" அவள் சொன்னது தப்பில்லை, அதுதான் கஷ்டம். ஆரினை இன்னொரு இடத்துக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நான் மட்டும் காரில் திரும்பி வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு கதவு, ஐந்து மணி. அவ்வளவில் தொங்கிக்கொண்டிருந்தது எங்கள் வாழ்க்கை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் அவர் போய்க்கொண்டிருந்தார். இப்போது நான்தான் காரில் கொண்டுபோவேன். மூலையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பேன். டுவைட் அவருக்காகப் பகடையைக் கூட்டிச் சொல்வான். போன வாரக் கதையைப் பெவர்லி அலுக்காமல் திரும்பச் சொல்வாள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

அந்த வாரம் பனி கொட்டியதால் கிளம்ப நேரமாகி, ஆட்டம் நாலரையைத் தாண்டிவிட்டது. குள்ளன், மந்திரவாதி எல்லாரும் ஏதோ ஒரு கோட்டைக்குள் ஒளிந்திருந்தார்கள். வெளியே எதிரிப் படை. மணி ஐந்து. ஆரின் எழுந்தார்.

"நேரமாச்சு. பால் கறக்கப் போகணும்."

டுவைட் மேஜையைத் தட்டிச் சிரித்தான். "பார்ரா! வெளியே படை நிக்குது, குள்ளருக்குப் பால் கறக்கணுமாம்! நல்ல யோசனைதான் ஆரின், பாலைக் குடுத்தே படையைக் கவுத்துடலாம்!"

அவன் அதை ஆட்டம் என்றே நினைத்துவிட்டான். நான் பின்னலைக் கீழே வைத்தேன். மாடு விற்றாயிற்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். மைலோ என் முகத்தைப் பார்த்தான், ஆரினைப் பார்த்தான், என்னை நோக்கி ஒரு கையைத் தூக்கினான்.

"சொன்னா சொன்னதுதான்" என்றான் மெதுவாக. "தொழுவம் கோட்டைக்கு வடக்கே இருக்கு ஆரின். உள்ளே கதகதப்பா இருக்கு. நீ வர்ற சத்தம் கேட்டு மாடுங்க திரும்பிப் பாக்குது. எந்த மாடு முதல்ல?"

ஆரின் நின்றார். பிறகு உட்கார்ந்தார். "ஓல்காதான். அவளை முதல்ல கறக்கலேன்னா ஊரைக் கூட்டுவா." ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கரண்ட் இருக்கா?" என்றார்.

"கோட்டையில கரண்ட் ஏது?"

"சரி போ. கையால கறப்போம். எங்கப்பா காலத்துல மிஷினா இருந்துச்சு?"

ஒவ்வொரு மாடாகப் பெயர் சொன்னார். பேத்தி பெயர் வராத வாயில் ஓல்கா, பெட்டூனியா, க்ளோரிஸ் என்று வரிசையாக வந்தது. மைலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டான். இவள் எப்படி, காம்பு எப்படி, தீனி என்ன? கடைசியில் ஒரு கறுப்பி, உதைக்கிற மாடு. "அதுக்குப் பகடை போடணும்" என்றான் மைலோ. "அது பேரு என்ன?"

"லவோன்" என்றார் ஆரின்.

டுவைட் நாற்காலியிலிருந்து விழாத குறை. பெவர்லி வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், தொழுவத்தில் என் பெயரில் ஒரு உதைக்கிற மாடு இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "என் மந்திரவாதி வாலைப் பிடிச்சுக்கறான்" என்றான் டுவைட். "அப்ப உனக்குத்தான் முதல் உதை" என்றார் ஆரின். பகடை உருண்டது. டுவைட்டுக்கு உதை. பால் வாளி தப்பித்தது.

எல்லா மாட்டையும் கறந்து, சாணம் வழித்து, விளக்கணைத்துவிட்டு ஆரின் நிமிர்ந்தார். "முடிஞ்சுது" என்றார். அந்த முகத்தை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. வேலை முடித்த மனிதனின் முகம். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டுத் தூங்கினார். நான் சமையலறையில் நின்று வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுவது என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் சாலைத் துறைக் கொட்டகைக்கே போய் மைலோவைப் பிடித்தேன். கேட்பதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. வெட்டிப்பயல் என்று யாரைத் திட்டினேனோ அவனிடம் போய்க் கையேந்துவது லேசா?

"நேத்து பண்ணினியே" என்றேன், "அதை என் வீட்டுல பண்ணுவியா? அஞ்சு மணிக்கு?"

"ஞாயித்துக்கிழமையா?"

"தினமும்."

காது சிவந்தது அவனுக்கு. கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான், மறுபடி துடைத்தான். சொந்தக் குரலில் பதில் வராது என்று எனக்குத் தெரியும். கடைசியில் கோட்டை வாயிற்காவலனின் கரகரத்த குரலில் வந்தது: "அம்மணி, தொழுவச் சாவி என் இடுப்புலதான் இருக்கு. சரியா அஞ்சு மணிக்குக் கதவைத் திறந்து வைக்கிறேன்."

சொன்னபடி வந்தான். வேலை முடிந்து நேரே வந்துவிடுவான். முடியாத நாளில் டுவைட் வருவான் அல்லது பெவர்லி. என் சமையல் மேஜையில் பகடை உருண்டது. பூட்ஸ் சேறு தரையெல்லாம், சிப்ஸ் துகள் நாற்காலியெல்லாம். இரண்டு பகடை குளிர்பெட்டிக்கு அடியில் போய் அங்கேயே குடியிருக்கிறது. நான் திட்டிக்கொண்டே துடைத்தேன். கோட்டையை எதிரிகள் ஒன்றும் செய்யவில்லை. படை கொண்டுவந்த தளபதிக்கே ஆரின் பால் ஊற்றி அனுப்பிவிட்டார். நான் மட்டும் ஆட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது வராது, வந்தாலும் வெட்கம்.

பிப்ரவரியில் ஒரு பெரும் பனிப்புயல் வந்தது. மத்தியானத்திலேயே எதிர்வீடு தெரியவில்லை. மூன்றரைக்கு மைலோ போன் செய்தான்.

"லவோன், என்னால வர முடியாது. எல்லா லாரியும் ரோட்டுல. டுவைட் வண்டி பள்ளத்துல கிடக்கு. பெவர்லி வீட்டு ரோடு மூடியாச்சு."

"அப்ப யாரு நடத்தறது?"

"நீங்கதான்."

"எனக்குக் கதை சொல்லத் தெரியாது மைலோ!"

"கதை சொல்ல வேண்டாம். கேளுங்க. நான் என்னத்த சொல்றேன்? கேக்கத்தானே செய்றேன்? அவருக்கு எல்லாம் தெரியும், கேட்டா சொல்லுவாரு." ரேடியோ அவனைக் கூப்பிட்டது. போனை வைத்துவிட்டான்.

ஐந்து மணிக்கு ஆரின் எழுந்தார். பூட்ஸ் மாட்டினார். எப்படியோ குளிர் மேலங்கியையும் மாட்டிக்கொண்டார். நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். வெளியே காற்று ஊளையிட்டது. அந்த இருட்டில் பத்தடி போனால் வீடு தெரியாது. எழுபத்து நான்கு வயதுக்காரியால் ஆறடி மனிதனைப் பிடித்து நிறுத்த முடியாது.

"ஆரின், நீ இப்ப கோட்டையில இருக்கே" என்றேன். என் குரல் எனக்கே பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருந்தது.

"என்ன கோட்டை? இது சமையல்கட்டு."

"வடக்கே தொழுவம்..."

"வழியை விடும்மா." என் தோள்மேல் வழியாகக் கதவுப் பிடியைப் பிடித்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ யாரு?"

என்றைக்காவது இது வரும் என்று கிர்ஸ்டன் சொல்லியிருந்தாள். வரும் என்று தெரிந்திருந்தால் மட்டும் வலிக்காமல் போகுமா? மாடு விற்றாயிற்று, நான் உன் பொண்டாட்டி, உட்கார் என்று கத்த நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எப்படித்தான் அதை விழுங்கினேனோ. கேளுங்க என்று அவன் சொன்னது ஒன்றுதான் கையில் இருந்தது.

"வேலைக்கு வந்திருக்கேன் ஐயா" என்றேன். "புதுசு. எனக்கு ஒண்ணும் தெரியாது. முதல்ல எந்த மாட்டைப் பிடிக்கணும்?"

கை கதவிலிருந்து இறங்கியது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாட்டைப் பிடிக்கிறாளாம்! முதல்ல கையைக் கழுவு பொண்ணே. வெந்நீர்ல."

கழுவினேன். எழுபதுக்கு மேல் என்னைப் பொண்ணு என்று கூப்பிட்டது அவர் ஒருவர்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கும் ஒன்று. பாத்திரம் துடைக்கிற துணியை அவர் கையில் கொடுத்தேன், மாட்டின் மடியைத் துடைக்கிற துணி என்று வைத்துக்கொண்டோம். நான் கேட்டேன், அவர் சொன்னார். எப்படிக் கிட்டே போக வேண்டும், எங்கே கை வைக்க வேண்டும், பயந்த மாட்டிடம் எப்படிப் பேச வேண்டும். எனக்குத் தெரியாததா? ஒரு ஆயுள் முழுவதும் அவரோடு கறந்தவள். ஆனாலும் கேட்டேன். இவ்வளவு பொறுமையாக அவர் எனக்கு எதையும் சொல்லித் தந்ததே இல்லை.

கறுப்பியின் முறை வந்தது. "ஜாக்கிரதை, உதைப்பா" என்றார்.

"அதுக்கு லவோன்னு ஏன் பேரு வெச்சீங்க?"

"என் பொண்டாட்டி பேரு." குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்குள்ளேதான் இருப்பா. சேத்துக்காலோட போயிடாதே, தொலைச்சுடுவா."

"அவ்வளவு கோபக்காரியா?"

"கோபம்னா கோபம்." துணியை மடித்தார், பிரித்தார். "ஒரு வருஷம் பனி பாரத்துல தொழுவக் கூரை இறங்கிடுச்சு. மாடுங்க எல்லாம் உள்ளே. அவ நிறைமாசம். வராதேன்னு சொன்னேன். மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தா. ராத்திரி பூரா ரெண்டு பேரும் ஒண்ணொண்ணா வெளியே இழுத்தோம். ஒரு மாடுகூடச் சாகலை. விடிஞ்சதும் உள்ளே போய் எனக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உப்புக் கம்மின்னு சொன்னேன்."

எனக்கு நினைவிருந்தது. அந்தத் தட்டைச் சுவரில் எறியலாமா என்று நான் யோசித்ததும் நினைவிருந்தது.

"வேற ஏதாவது சொல்லியிருக்கலாமே ஐயா."

"எங்க ஆளுங்ககிட்ட அந்தப் பழக்கம் இல்லை." துணியை என் பக்கம் தள்ளினார். "நீ உள்ளே போறப்ப சொல்லிடு."

"என்னன்னு?"

"முட்டை நல்லா இருந்துச்சுன்னு சொல்லு." என்னைப் பார்க்காமல், இல்லாத மாட்டின் முதுகைத் தடவினார். "எல்லாமே நல்லா இருந்துச்சுன்னு சொல்லு."

சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன். கண்ணைத் துடைக்க அந்த மடி துடைக்கிற துணிதான் இருந்தது.

மைலோ வந்தபோது மணி ஏழுக்கு மேல். லாரியின் மஞ்சள் விளக்கு ஜன்னலில் சுழன்றது. முகமெல்லாம் பனி, புருவம்கூட வெள்ளை. கதவைத் திறந்ததும் முதலில் ஆரினின் நாற்காலியைத்தான் பார்த்தான். ஆள் இருந்தார். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். அந்தக் குளிர்காலம் முடியும்வரை ஆரின் ஐந்து மணிக்கு அந்தக் கதவைத் திறந்து வெளியே போகவே இல்லை. கிர்ஸ்டனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"மைலோ" என்றேன், "நீ இல்லேன்னா இவரை நான் எப்பவோ தொலைச்சிருப்பேன். நீ நல்லா இருக்கணும்." அப்படியே, முகத்துக்கு நேரே. எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் இப்படிப் பேசுவதில்லை. அவன் தொப்பியைக் கசக்கினான், காது சிவந்தது, பூட்ஸைப் பார்த்தான். "ஹாட்டிஷ் ஏதாவது மிச்சம் இருக்கா லவோன்?" என்றான். சட்டியில் இருந்த கறியையும் உருளைக்கிழங்கையும் அப்படியே அவன் தட்டில் போட்டேன்.

ஆரினுக்கு இரண்டு முட்டை பொரித்தேன். உப்புப் பார்த்துப் போட்டேன். தட்டை வைத்ததும் அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். மைலோவுக்குக் கேட்கக் கூடாதாம், ரகசியமாகக் கேட்டார்.

"உள்ளே போனியே, சொன்னியா?"

"சொன்னேன் ஐயா."

"கோவிச்சுக்கிட்டாளா?"

"இல்லை. அவங்களுக்கும் எல்லாமே நல்லா இருந்துச்சாம். உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லையாம்."

ஆரின் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அவ அப்படியெல்லாம் பேசற ஆளே இல்லையே" என்றார்.

"இன்னிக்குப் பேசினாங்க" என்றேன்.